கண்ணாடித் தொட்டியிற் கிளாத்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரச் சந்தைகளிற் கிளாத்தியைக் காணாதார் இலர். பக்கங்கள் ஒடுங்கிச் சாய்சதுரம் போன்ற வடிவும், தடித்துச் சொரசொரத்த தோலும், உடலின் அளவுக்குப் பொருந்தாத சிறிய வாயும் உடையது அம்மீன். மற்றைய மீன்களைச் செதில் களைந்து சமைப்பார். கிளாத்தியையோ தோல் முழுவதையும் உரித்த பின்னரே சட்டியில் இடுவர். இவ்வாறு கறிக்கு உரியதாகவே நாம் அறிந்த மீனின் உறவினங்கள் சில, பொன்னும் நீலமும் கருமையும் தீட்டிய மேனியோடு, வெளிநாட்டு வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் உலாவுகின்றன என்பதையும், அவற்றுட் பல நம்மைச் சூழ்ந்த இந்துமாகடலிலேயே வாழ்வன என்பதையும் அறிந்தார் சிலரே.

அண்மைக்காலத்தில் நம் நாட்டு இல்லங்களிலும் உவர்நீர்த் தொட்டி வைக்கும் ஆர்வம் தோன்றியிருக்கின்றது. கிளாத்தியை வீட்டில் வளர்க்கலாமா என மாணவர் வினவுவதுண்டு. வளர்க்கலாம் என்பதே நேரான விடை. அவ்விடையை மட்டும் நம்பித் தொட்டி வைத்த யான், முதலில் வாங்கிய மீனை எட்டு நாளிற் கொன்றேன். அது நேர்ந்தவாற்றைப் பின்னர்க் கூறுவேன். முதற்கண் மீனின் இயல்பை அறிதல் முறையாகும். ஏனெனில் தொட்டியில் அது விளைக்கும் தொல்லைகள் யாவும், கடலில் அது பிழைத்திருத்தற்குப் பெற்ற கருவிகளிலிருந்தே பிறக்கின்றன.

கிளாத்திக் குடும்பத்தில் ஏறத்தாழ நாற்பது இனங்கள் உள. சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1758 ஆம் ஆண்டில் இவற்றுக்கு இட்ட இலத்தீன் பெயர், பண்டை உரோமர் அம்பும் கல்லும் எறிதற்குப் பயன்படுத்திய போர்ப்பொறியின் பெயரோடு தொடர்புடையது. ஆங்கிலேயர் துப்பாக்கி விசையின் பெயரால் இம்மீனை அழைப்பர். இரண்டுக்கும் காரணம் முதுகிலுள்ள முள்ளே. முன் முதுகுச்செட்டையில் மூன்று முட்கள் உண்டு. முதலாவது பெரிதும் வலிதுமானது. மீன் அதனை நிமிர்த்தியதும், இரண்டாவது முள்ளின் அடிப்பாகம் அதன் பின்னே சென்று ஆப்புப்போற் பொருந்திக்கொள்ளும். பின்னர் எத்துணை வலிந்து அழுத்தினும் பெரிய முள் மடங்குவதில்லை. சிறிய இரண்டாம் முள்ளை விரல் நுனியால் மெல்லத் தாழ்த்தினாலோ, பூட்டுத் திறந்தாற்போலப் பெரியது தானே படிந்துவிடும். சந்தையில் வாங்கிய ஒரு கிளாத்தியைக் கொண்டே இதனை வகுப்பறையிற் செய்துகாட்டலாம். நெம்புகோலைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவதிலும் இச்செய்கை மாணவர் உள்ளத்தில் ஆழப் பதிதலை யான் கண்டுள்ளேன்.

இப்பூட்டினால் மீனுக்குப் பயன் யாது? இரவு வந்தவுடன், அல்லது பகைமீன் துரத்தியவுடன், கிளாத்தி முருகைக்கற் பாரின் இடுக்கு ஒன்றினுள் நுழையும். உள்ளே சென்றதும் முதுகு முள்ளை நிமிர்த்தும். வயிற்றின் கீழுள்ள என்பையும் தாழ்த்தும். மேலும் கீழும் கல்லில் ஊன்றியபின் அதனை வெளியே இழுப்பது பெருமீனுக்கும் அரிது. மனிதர் கைக்கும் அரிது.

அடுத்தது வாய். மேற்றாடையின் வெளிவரிசையில் எட்டும் கீழ்த்தாடையில் எட்டுமாக உளிபோன்ற பற்கள் உள்ளன. வாய் சிறிதாதலால் தாடைத் தசைகளின் விசையெல்லாம் ஒரு சிறிய இடத்திலேயே குவிகின்றது. நண்டின் ஓடு, சங்கின் சுவர், முருகைக் கல்லின் கிளை ஆகியன இதற்கு அஞ்ச வேண்டியவை. கண்கள் தலையின் உச்சிக்கு அண்மையில், வாய்க்கு நெடுந்தூரம் பின்னே அமைந்திருத்தலையும் நோக்குக. முட்கள் செறிந்த இரையை வாய் கடிக்கும்போது கண் முள்ளுக்கு எட்டாத தொலைவில் நிற்கின்றது. நீந்தும் முறையும் தனித்தன்மை உடையது. ஏனைய மீன்களைப்போல உடலையும் வாலையும் வீசாது, பின் முதுகுச்செட்டையையும் குதச்செட்டையையும் அலைபோல அசைத்துச் செல்லும். அதனால் நின்ற இடத்தில் நிற்கவும், முன்னோக்கிச் செல்லுதல் போலவே பின்னோக்கிச் செல்லவும் வல்லது. வாலை வீசுவது விரைந்தோடும் வேளையில் மட்டுமே.

இவற்றோடு அறிவுக்கூர்மை ஒன்றும் சேர்ந்துள்ளது. செருமானிய ஆய்வாளர் ஆன்சு பிரிக்கே செங்கடலில் ஒரு பெருங்கிளாத்தி கடல் முள்ளெலியை வேட்டையாடும் விதத்தைக் கண்டு எழுதியுள்ளார். கடல் முள்ளெலி என்பது மேற்புறமெங்கும் ஊசி போன்ற நீண்ட முட்களை உடைய உருண்டை உயிர். அதன் வாய் கீழ்ப்புறத்தே, முட்கள் குறைந்த இடத்தில் உள்ளது. கிளாத்தி தன் வாயிலிருந்து நீரைப் பீச்சி அதனைப் புரட்டும். புரண்டபின் காப்பற்ற அடிப்பாகத்தைக் கடித்து உண்ணும். ஒரு வழி பயன்படாவிடின் வேறொரு வழியை முயல்வதும் உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், நாம் நிறக்குருட்டுச் சோதனையிற் காணும் புள்ளிப் படங்களைப் போன்றவற்றைக் கிளாத்தி இனம் ஒன்றுக்குக் காட்டினர். பின்னணியினின்று நிறத்தால் வேறுபட்ட புள்ளியைத் தேடிக் கொத்தினால் உணவு கிடைக்கும் என்பதை அம்மீன்கள் கற்றுக்கொண்டன.

இத்தகைய மீன் கடலிற் செய்யும் தொழில் சிறிதன்று. கென்யா நாட்டுக் கரையோரப் பார்களில் மக்கிளனகன் என்பாரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டனர். மீன்பிடி தடுக்கப்பட்ட பார்களிற் கடல் முள்ளெலிகள் குறைவு. மீன்பிடி மிகுந்த பார்களில் அவை பெருகிக் கிடந்தன. முள்ளெலி பாறையை அரித்துண்ணும் இயல்பினது. அளவு மீறிப் பெருகின் முருகைப் பார் தேய்ந்து நலிவுறும். அதனைக் கட்டுப்படுத்தும் மீன்களுள் முதன்மையானது செம்மஞ்சள் வரிகளை உடைய ஒரு கிளாத்தி. தொட்டி வைப்போரிடம் கேட்டால், கூட்டுமீன்களைக் கொல்வதில் இதற்கு நிகர் வேறில்லை என்று அந்த இனத்தையே சுட்டுவர். பாரைக் காக்கும் பல்லும் தொட்டியைப் பாழாக்கும் பல்லும் ஒன்றே.

இனி, நீர். கடலுயிரைக் கரையில் வைத்துக் காக்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853 இல் மீன்மனை திறக்கப்பட்டது. அதற்கு உயிர்கள் சேர்த்து உதவிய பிலிப்பு என்றி கொசு என்பார் மறு ஆண்டில் இத்துறை பற்றி நூல் எழுதினார். கடலுக்குத் தொலைவில் வாழ்வோர்க்கென நால்வகை உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் வெளியிட்டார். ஏன் நால்வகை? கறியுப்பு ஒன்று போதாதோ?

போதாது. சலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களிற் சேர்த்த நீரின் 77 மாதிரிகளைத் தித்துமார் என்னும் இரசாயனவியலார் பகுத்து 1884 இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கிடம் மாறினும், உப்புகள் தம்முள் கலந்திருக்கும் விகிதம் மாறுவதில்லை என்பது அம்முடிவு. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் நூற்றுக்கு 78 பங்கு அளவே சோடியங் குளோரைட்டு. எஞ்சியது மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியவற்றின் உப்புகள். ஆனையிறவு போன்ற உப்பளங்களிற் கடல்நீரைக் காயவிடும்போது, சோடியங் குளோரைட்டுப் பளிங்காய்ப் படிய, மகனீசியம் மிகுந்த கசப்புநீர் வேறாக வடிக்கப்படுகின்றது. நல்ல கறியுப்புக்கு அதுவே வேண்டும். அந்த உப்பைக் கிணற்று நீரிற் கரைத்தாற் கிடைப்பது உவர்நீர் மட்டுமே, கடல்நீர் ஆகாது. மேலும் யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது குடிப்பவர்க்கே கவலை தருவது. மீன்தொட்டிக்கு எவ்வாறு நலம் தரும்?

கடல் அருகே இருக்க உப்புக் கலவை எதற்கு என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீரை எடுத்தலாகாது. கோடையில் உப்பு மிகுந்தும் மாரியில் மழைநீர் கலந்து குறைந்தும் அது பெரிதும் மாறுவது. திறந்த கடலில், வாய்க்காலும் துறைமுகமும் இல்லாத இடத்தில், அமைதியான நாளில் எடுத்த நீரே தக்கது. அதனையும் சில நாள் இருளில் வைத்துத் தெளியவிட்டு, நீரடர்த்திமானியால் அளந்து, தன்னீர்ப்பு 1.020 க்கும் 1.025 க்கும் இடையில் இருத்தலை உறுதிசெய்தல் வேண்டும்.

இத்தனையும் செய்தேன். ஆயினும் மீன் இறந்தது. கொழும்பிலுள்ள ஒரு கடையில், உள்ளங்கை அளவுள்ள கிளாத்தி ஒன்றை வாங்கினேன். "கிளாத்தி எதையும் தாங்கும், சேர்" என்றார் கடைக்காரர். புதிய தொட்டி, தெளிந்த நீர், கழுவிய மணல். மறுநாளே மீனை விட்டேன். அது அன்றே உண்ணத் தொடங்கியது. மகிழ்ந்து மேலும் மேலும் இட்டேன். நான்காம் நாள் நீர் சிறிது மங்கிற்று. ஆறாம் நாள் மீன் நீரின் மேற்பரப்பருகே நின்று விரைந்து மூச்செறிந்தது. எட்டாம் நாட் காலையிற் கல்லிடுக்கில் முள்ளை நிமிர்த்தியவாறே இறந்து கிடந்தது. இரண்டாம் முள்ளை அழுத்தியே அதனை வெளியே எடுத்தேன். நைதரசன் வட்டத்தைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்தவன் யான். என் வீட்டுத் தொட்டியில் அதன் முதற்படியிலேயே ஒரு மீன் மாண்டது.

மீன் தன் பூக்கள் வழியாக, அதாவது செவுள்கள் வழியாக, அமோனியாவை இடைவிடாது கழிக்கின்றது. உண்ணாத உணவும் அழுகி அமோனியா ஆகின்றது. கடலிற் பெருநீர் அதனைக் கரைத்தொழிக்கும். தொட்டியில் அது திரளும். அன்றியும் கடல்நீர் சிறிது காரத்தன்மை உடையது, அதன் பி.எச். பெறுமானம் 8.2 அளவில் நிற்கும். அந்நிலையில் அமோனியாவின் நச்சு வடிவம் நடுநிலை நீரில் இருப்பதிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகின்றது. ஆதலால் நன்னீர்த் தொட்டியிற் பிழைக்கும் அளவு அமோனியாவே உவர்நீர்த் தொட்டியிற் கொல்லும். உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி 1890 ஆம் ஆண்டளவில் நிறுவியதுபோல, ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். வேறொருவகை அதனை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று ஓரளவு வரை தீங்கற்றது. நீரை மாற்றுவதால் அதனைக் குறைக்கலாம். இப்பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் வடியிலும் குடியேறிப் போதிய அளவு பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை தொட்டியில் மீன் இருத்தல் ஆகாது. ஓர் இறால் துண்டை இட்டு அழுகவிட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றிப் பின் இரண்டும் மறைந்தமையைச் சோதனைக் குப்பிகளால் அறிந்த பின்னரே மீனை விடுதல் வேண்டும். வெறுந்தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருத்தல் வீட்டாருக்கு வியப்பாகத் தோன்றும். பொறுக்க வேண்டியதே.

எந்தக் கிளாத்தியை எடுப்பது என்பது அடுத்த வினா. வணிகர் வழங்கும் பெயர்களைத் தமிழாக்கி ஈண்டுக் கூறுகின்றேன்.

செம்மஞ்சள் வரிக் கிளாத்தியைப் பற்றி முன்னரே சொன்னேன். அதற்கு முதன்முதல் விஞ்ஞானப் பெயர் இட்டவர், பின்னாளில் ஆபிரிக்காவின் நைகர் ஆற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற மங்கோ பார்க்கு. இளமையிற் கப்பல் வைத்தியராகச் சுமாத்திராவுக்குச் சென்ற அவர், அங்குக் கண்ட எட்டு மீன்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1797 இல் அச்சேறியது. அவற்றுள் இதுவும் ஒன்று. வரலாறு இனியது, மீன் தனித் தொட்டிக்கே உரியது. கோமாளிக் கிளாத்தி என்பது கருமேனியின் கீழ்ப்பாதியிற் பெரிய வெண்வட்டங்களும் மஞ்சள் வாயும் உடையது. அழகில் இதனை விஞ்சுவது அரிது, விலையும் அவ்வாறே. சிறுகுஞ்சாய் வாங்குவோர், அது 50 சென்ரிமீற்றர் வரை வளரும் என்பதை எண்ணுவதில்லை. ஈராண்டு அமைதியாய் இருந்தது ஓரிரவிற் கூட்டாளிகளையெல்லாம் கடித்துக் கொன்றது என்னும் செய்தியும் இம்மீனைப் பற்றியே மிகுதியாகக் கேட்கப்படும். பெருங்கிளாத்தி 75 சென்ரிமீற்றர் அளவினது. மணலிற் குழி தோண்டி முட்டையிட்டுக் காவல் நிற்கும்போது, நீர்மூழ்குவோரையே துரத்திக் கடிக்கும். அதன் காவல் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் போன்றது. ஆதலின் மேலே எழுந்து தப்ப முயல்வோர் எல்லையினுள்ளேயே இருப்பர், பக்கவாட்டில் விலகுவதே வழி. இது வீட்டுக்கு உரியதன்று.

பிக்காசோக் கிளாத்தி என ஓவியர் பெயராற் சுட்டப்படுவது ஆழமற்ற கடனீரேரிகளில் வாழ்வது. வெளிறிய மேனியில் நீல, மஞ்சள், கருங்கோடுகள் தூரிகையாற் கீறியவை போன்று கிடக்கும். குயின்சுலாந்திற் புள்ளிப் படங்களைக் கொத்தியது இவ்வினமே. இதன் நெருங்கிய உறவினம் ஒன்று, பன்றி மூக்குடைய கிளாத்தி என்னும் பொருளுடைய மிக நீண்ட அவாய் மொழிப் பெயரைத் தாங்கி, 2006 முதல் அவாய் மாநிலத்தின் மீனாக நிலைபெற்றுள்ளது. தனியே ஒரு கிளாத்தியை வைத்து அதன் அறிவைக் காண விரும்புவார்க்குப் பிக்காசோவையே யான் எடுத்துரைப்பேன்.

கூட்டாக வைக்க விரும்புவார்க்கு வேறு இரண்டு உள. செம்பற் கிளாத்தி நம் கடலிலும் திரள்திரளாய் நீந்தும் கருநீல மீன். பற்கள் உண்மையிலேயே செந்நிறமானவை. நீலக்கழுத்துக் கிளாத்தியில் ஆணுக்கு மட்டும் தாடையின் கீழ் நீலத்திட்டும் செட்டைகளில் மஞ்சட் கரையும் உண்டு. ஆணும் பெண்ணுமாய் ஒரு தொட்டியில் வாழ்வதுமுண்டு. இவ்விரண்டும் நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களையே பெரிதும் உண்பன. ஓடுகளை உடைத்துண்பவற்றின் கொடுமை இவற்றிடம் குறைவாயிருத்தற்கு அதுவே காரணம் எனலாம். எனினும் இறாலையும் நண்டையும் இவற்றோடு வைத்துவிட்டுப் பின்னர் வருந்துதல் வீண்.

தொட்டியின் அளவைச் சொல்லுமுன் ஒரு கணக்கு. நீளம் 180, அகலம் 60, உயரம் 60 சென்ரிமீற்றர் உள்ள தொட்டி 648 லீற்றர் கொள்ளும். நிரம்பிய கடல்நீரின் நிறை மட்டும் 660 கிலோகிராமுக்கு மேற்படும். கண்ணாடியும் கல்லும் வேறு. கடல்நீரைச் செயற்கையாய் ஆக்குவதாயின் ஏறத்தாழ 23 கிலோகிராம் உப்பு வேண்டும். முழுவளர்ச்சி பெற்ற பிக்காசோ ஒன்றுக்கு இவ்வளவு வேண்டும் என்று கூறினாற் பலர் நகைப்பர். ஆனால் 60 சென்ரிமீற்றர் நீளத் தொட்டியில் 54 லீற்றர் நீரே இருக்கும். 25 சென்ரிமீற்றர் மீன் அதில் உடலைத் திருப்புதற்கும் இடர்ப்படும். நிலத்தளத்திற் சீமெந்து மேடை கட்டி அதன்மேல் வைத்தலே பாதுகாப்பு.

கற்களை மணலின் மேல் அடுக்கலாகாது. தொட்டியின் அடித்தளத்திலேயே அசையாது பொருத்தி, அதன்பின் மணலைப் பரப்புக. கிளாத்தி மணலை ஊதித் தோண்டும். கல்லைக் கவ்வி இழுக்கும். சரிந்த கல் கண்ணாடியை உடைத்தலும் கூடும். முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தல் நம் நாட்டிற் சட்டத்தால் தடுக்கப்பட்டது. நன்கு கழுவிக் காய்ந்த யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லே போதுமானது. ஒரு மீன் உட்புகுந்து உறங்கத்தக்க இடுக்கு இருந்தாற் சரி. நீரினுட் செல்லும் மின்கம்பிகளைக் குழாயினுள் மறைத்தல் மறவற்க. கம்பியை மெல்வது இம்மீனின் விளையாட்டுகளுள் ஒன்று. அவ்விளையாட்டில் மீனுக்கு மட்டுமன்றிக் கைவிடுவோர்க்கும் இடர் உண்டு.

குளிர்நாட்டு நூல்கள் வெப்பமூட்டியைப் பற்றிப் பல பக்கம் எழுதும். நமக்கு அது வேண்டுவதில்லை. நம் கவலை வெப்பம் ஏறுவதே. 24 முதல் 27 பாகை செல்சியசு வரை நன்று. பங்குனி, சித்திரையில் அது எளிதில் மீறும். வெப்பம் ஏற ஏற நீரிற் கரையும் ஒட்சிசன் குறையும். நீர்ப்பரப்பின் மேல் விசிறி ஒன்றை ஓடவிட்டால் ஆவியாதலால் நீர் குளிரும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவை நாடோறும் நன்னீரால் நிரப்ப வேண்டும். கடல்நீரால் நிரப்புவோர் தம்மை அறியாமலே உப்பைக் கூட்டுகின்றனர். மின்சாரம் நின்றால் என் செய்வது என்பதையும் முன்னரே எண்ணுக. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறந்திலோம். பம்பி நின்றவுடன் வடியிலுள்ள பற்றீரியா ஒட்சிசனின்றி மடியத் தொடங்கும். பின் மீனும் மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று வீட்டில் இல்லாதவர் இம்முயற்சியில் இறங்காதிருத்தல் நன்று.

உணவைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. கிளாத்தி உண்ணாத நாள் அரிது. ஓட்டோடு கூடிய இறால், நண்டுக்கால், மட்டி, கணவாய், சிறிது கடற்பாசி என மாற்றி மாற்றி நாளுக்கு இருமுறை சிறிய அளவில் இடுக. ஓடு, பல்லை அளவாகத் தேய்த்து வைக்கும். ஒரே உணவை என்றும் இட்டால் உயிர்ச்சத்துக் குறையும். உங்களைக் கண்டவுடன் கண்ணாடியருகே வந்து நிற்கவும், பசித்தால் நீரை முகத்திற் பீச்சவும் அது சில வாரங்களிற் பழகும். பிள்ளைகள் இதனை விரும்புவர். விரலை நீட்ட மட்டும் விடலாகாது.

நோய்களுள் வெண்புள்ளி நோய் கொடிது. செட்டையிலும் உடலிலும் உப்புத் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும். காரணம் ஓர் ஒட்டுண்ணி. செப்பு மருந்து இதனைக் கொல்லும். ஆனால் செப்பு, சங்கு, இறால், முருகை ஆகியவற்றையும் கொல்லும், சுண்ணக்கல்லிலும் படியும். எனவே மருந்து இடுதற்கு வேறொரு வெறுந்தொட்டி வேண்டும். புதிதாய் வாங்கிய மீனை முதல் நான்கு வாரமேனும் அத்தொட்டியில் தனியே வைத்துப் பார்ப்பவர்க்கு இந்நோய் பெரும்பாலும் வருவதில்லை.

மீன் எங்கிருந்து வந்தது என்று கடையிற் கேட்பது நம் வழக்கமன்று. கேட்க வேண்டும். கடைக்கு வரும் கிளாத்திகள் ஏறத்தாழ யாவும் கடலிற் பிடிக்கப்பட்டவை; தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்தல் மிகச் சில இனங்களிலேயே கைகூடியுள்ளது. பிலிப்பீன் தீவுகளில் 1960களில் தொடங்கிப் பிறநாடுகளுக்கும் பரவிய சயனைட்டு முறையில், நஞ்சைப் பாரின் இடுக்குகளிற் பீச்சி மீனை மயக்கிப் பிடிப்பர். முள்ளைப் பூட்டி இடுக்கில் ஒளியும் மீனை வெளியேற்றுதற்கு இஃது எளிய வழி. அவ்வாறு பிடிபட்டது கடையில் நலமுடையது போற் காணப்பட்டுச் சில வாரங்களில் மெலிந்து இறக்கும். பாரிலுள்ள முருகையும் உடன் மடியும். நம் நாட்டுப் பார்களோ 1998 இலும் 2016 இலும் கடல் வெப்பத்தால் வெளுத்து நலிந்தவை. அங்கிருந்து எடுக்கப்பட்ட ஒரு கிளாத்தி, நன்கு பேணினாற் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. பேண இயலாது என்று தோன்றினால் வாங்காது விடுதலில் இழிவில்லை. யான் இரண்டாவது மீனை வாங்குதற்கு ஓராண்டு தாமதித்தேன்.

அவ்விரண்டாவது, ஒரு பிக்காசோ, என் வீட்டில் ஆறாம் ஆண்டைக் கடந்துள்ளது. தொட்டியைக் கழுவுதற்கு அதனை இடம் மாற்ற வேண்டியபோது வலையை யான் பயன்படுத்துவதில்லை. நிமிர்ந்த முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும், விடுவிக்க இழுத்தால் முள்ளடி கிழியும். வாய் அகன்ற பிளாத்திக்குக் கலத்தை நீரில் தாழ்த்தி, அதனுள் ஓர் இறால் துண்டை இட்டுக் காத்திருப்பேன். முதல் நாளில் அரைமணி நேரம் சென்றது. இப்போது கலத்தைக் கண்டவுடன் தானே உள்ளே வந்து நிற்கின்றது.